புகையில்லாத கரி

சின்னத்தாயியின் கரிக்குப் புகை கிடையாது. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இதை மறுத்துப் பேசுகிறவர்கள் யாரும் இல்லை. மற்ற கபாப் வண்டிகளில் கண்ணைக் கசக்கிக்கொண்டே தின்று பழகியவர்கள், அவள் வண்டிக்கு முன்னால் வெள்ளைச் சட்டையோடு நிம்மதியாக நிற்பார்கள். அங்கே எரிவது கொட்டாங்குச்சிக் கரி. அவளே சுடுவது.

ஓட்டல்களிலும் கோயில் வாசல்களிலும் சேர்த்த கொட்டாங்குச்சியை நார் போகச் சுரண்டுவாள். வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் காலி மனையில் ஒரு தகர டிரம்மில் அடுக்கித் தீ வைப்பாள். கொழுந்து அடங்கி உள்ளே எல்லாம் சிவந்து கிடக்கிற சமயம் பார்த்து மூடியைப் போட்டு, விளிம்பைச் சேற்றால் பூசிவிடுவாள். காற்று புகுந்தால் சாம்பல்தான் மிஞ்சும். மறுநாள் எடுத்து ஒன்றோடு ஒன்றைத் தட்டிப் பார்ப்பாள். நன்றாக வெந்தது கண்ணாடி மாதிரி ஒலிக்கும். மந்தமாகச் சத்தம் வருவதைத் தூக்கி எறிந்துவிடுவாள். புகைகிறது அதுதான்.

மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்த புருஷன், மகள் வீணா பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு வண்டிதான் குடும்பம். கூட்டாளி ஆம்ப்ரோஸ், முன்பு ஓட்டல் சமையலறையில் இருந்தவன். கறி வெட்டுவதும் மசாலாவும் அவன் பொறுப்பு. ஊறின கறிச் சட்டியின் நடுவில் வெங்காயத் தோலை வைத்து, அதில் ஒரு கங்கைப் போட்டு, நெய் சொட்டி மூடிவிடுவான். அந்த நெய்ப்புகை கறியில் ஏறினால்தான் கபாப் என்பான். மற்றபடி அந்த வண்டியில் புகைக்கு வேலையில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் நவம்பரில் வீணா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பெண் பிள்ளை. பிறந்து மாசம்கூட நிறையவில்லை. மெட்ராஸ் பக்கம் புயல் என்று ரேடியோ சொன்னால் பெங்களூரில் சூரியனைப் பார்க்க முடியாது. அந்த வாரமும் அப்படித்தான். தூறல் விடவில்லை. பிள்ளையின் துணி ஒன்றும் காயவில்லை. வீட்டுக்குள் கட்டின கொடி முழுக்க ஈரமாகவே தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னத்தாயி பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றி, கங்குச் சட்டியில் சாம்பிராணி தூவி, அந்தப் புகையில் பிள்ளையின் தலையைக் காட்டினாள். பிறகு வீணாவின் கூந்தல். எப்போதும் அதோடு சட்டியை வெளியே எடுத்துவிடுவாள். அன்றைக்கு எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கரியைக் கொட்டி ஊதிவிட்டு, கொடிக்குக் கீழே தள்ளி வைத்தாள்.

"எடுத்துட்டுப் போம்மா. ஒரே சூடா இருக்கு."

"இருக்கட்டும்டி. பச்ச ஒடம்பு. காத்து பூந்துச்சுன்னா ஆயுசுக்கும் இடுப்பு வலி. துணியும் காயும்."

"மூச்சு முட்டுற மாதிரி இருக்கு."

"சாம்பிராணி வாசன அது. நம்ம கரியில பொக எங்க இருக்கு, காட்டு பாப்போம்?"

வீணா சுற்றிலும் பார்த்தாள். காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

சின்னத்தாயி ஜன்னல் கதவைச் சாத்தி, இடுக்கில் எல்லாம் பழைய புடவைத் துணியைச் செருகினாள். "நான் போனதும் தாப்பா போட்டுக்க. யார் தட்டுனாலும் தொறக்காத." கதவு சாத்தியதும், வாசல்படியின் இடைவெளியில் ஒரு கோணியையும் வெளியிலிருந்து நெருக்கி வைத்தாள்.

சாயங்காலம் வண்டியில் குளிருக்குக் கூட்டம் நன்றாக இருந்தது. மழை சாய்வாக அடித்ததால் ஆம்ப்ரோஸ் வண்டியைச் சுற்றி மூன்று பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டியிருந்தான். அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கம்பிகளைத் திருப்பிக்கொண்டிருந்தான். சின்னத்தாயி வெளியே குடைக்குக் கீழே நின்று தட்டு கொடுத்தாள்.

"யக்கா, நான் கேட்ட கோழி இன்னும் ஓடிட்டிருக்கா?" ஆட்டோக்கார ஓஸ்வால்ட் பேக்கரி வாசலில் ஒதுங்கி நின்று கத்தினான். தினமும் வருகிற ஆள்.

"ஆமாப்பா. உன் ஆட்டோவ விட ஜோரா ஓடுது. புடிக்க வேணாமா?"

சிரிப்பு அடங்குவதற்குள் உள்ளேயிருந்து ஆம்ப்ரோஸின் குரல் வந்தது. "அக்கா, தலைய யாரோ கயிறு போட்டு இறுக்குற மாதிரி இருக்கு."

"நேத்து ஊத்துனது இன்னும் எறங்கல உனக்கு," என்றான் ஓஸ்வால்ட்.

"மாதா மேல சத்தியமா தொடலப்பா."

எழுந்தான். முழங்கால் மடங்கியது. கையில் பிடித்த தார்ப்பாயோடு சரிந்து, ரோட்டில் மழைத் தண்ணீரில் விழுந்தான். இரண்டு பேர் கைதட்டினார்கள். அவன் குப்புறத் திரும்பி வாந்தி எடுத்த பிறகுதான் அவர்கள் நிறுத்தினார்கள். சின்னத்தாயி அவன் தலையைத் தாங்கிப் பிடித்தாள். மழையிலேயே உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சை இழுத்தான். கொஞ்ச நேரத்தில் பார்வை தெளிந்தது.

"இப்ப பரவால்ல. உள்ள இருந்தாதான் அப்பிடி. பொகைகூட இல்லக்கா, என்னான்னே புரியல."

அவள் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். கங்கு சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. மேலே ஒரு இழை புகை இல்லை. இங்கே மூன்று பக்கம்தான் அடைப்பு.

அவள் வீட்டில் நாலு பக்கமும்.

ஆம்ப்ரோஸை விட்டுவிட்டு எழுந்தாள். "ஓஸ்வால்ட், வண்டிய எடு."

"கோழி வரட்டும்க்கா..."

"எடுடா!"

பள்ளத்து முனையில் தண்ணீர் முழங்காலுக்கு நின்றது. ஆட்டோ நடுவில் போய் இருமி நின்றுவிட்டது. ஓஸ்வால்ட் லிவரை இழுத்தான். மறுபடியும் இழுத்தான். அவள் குதித்து ஓட ஆரம்பித்தாள். ஒரு செருப்பு தண்ணீரிலேயே போயிற்று. சர்ச் விட்டு வந்த கூட்டம் குடைகளோடு தெருவை அடைத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. "வழி விடுங்க, வழி விடுங்க" என்று தமிழிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டே முழங்கையால் இடித்துக்கொண்டு போனாள்.

சந்துக்குள் நுழைந்ததும் காதைத் தீட்டினாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிள்ளை பசிக்கு அழும். சந்துக்கே தெரிந்த அழுகை. ஷீட் கூரைகளில் மழை விழும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"வீணா! ஏய் வீணா!"

கதவு அசையவில்லை. அவள் சொன்னபடியே உள்ளே தாழ் போட்டிருந்தது. ஜன்னலைத் தள்ளினாள். அவள் செருகிய துணி அப்படியே இறுக்கிப் பிடித்தது.

பக்கத்து வீட்டு உஷா எட்டிப் பார்த்தாள். "தூங்கிட்டிருப்பா. ஏன் இப்பிடி கலாட்டா பண்ற?"

"குழவிய எடு. உங்க வீட்டு அம்மிக் குழவிய எடுடி!"

உஷா எடுத்து வந்தாள். சின்னத்தாயி ஓங்கி ஜன்னல் கதவில் போட்டாள். மூன்றாவது அடியில் பலகை பிளந்தது. உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் வந்து மோதியது. சாம்பிராணி வாசனை. நல்ல வாசனை.

அதற்குள் ஓஸ்வால்ட் ஓடி வந்துவிட்டான். தோளால் இடித்தான், காலால் உதைத்தான். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டது. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் வீணா தரையில் கிடந்தாள். ஒரு கை கதவுப் பக்கம் நீண்டிருந்தது. பிள்ளை தூளியில். யாரை முதலில் தூக்குவது என்று சின்னத்தாயி யோசிக்கவில்லை. மகளைத் தாண்டிப் போய்ப் பிள்ளையை எடுத்தாள். கன்னம் நல்ல சிவப்பாக இருந்தது. தலை மட்டும் அவள் முழங்கையில் நிற்காமல் வழுக்கியது.

வாசலைத் தாண்டி மழைக்கே கொண்டுபோனாள்.

"பச்சப்புள்ளடி! காத்து படும்!" உஷா அலறினாள்.

"படட்டும்! படட்டும்!"

உள்ளங்காலைத் தேய்த்தாள். முதுகைத் தட்டினாள். ஓஸ்வால்ட் வீணாவை வாசலுக்கு இழுத்துப் போட்டு, "மூச்சு இருக்குக்கா, மூச்சு இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மழைத்துளி பிள்ளையின் நெற்றியில் விழுந்து வழிந்தது. அப்புறம் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். இன்னொன்று. அதற்குப் பிறகு அழுகை.

வீணா கண்ணைத் திறக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். அறையில் கங்கு வைத்திருந்தீர்களா என்று டாக்டரம்மா கன்னடத்தில் கேட்டார். வைத்திருந்தோம், ஆனால் அதில் புகையே வராது என்றாள் சின்னத்தாயி.

"வராதும்மா," என்றார் அவர். "வந்திருந்தா உன் மக இருமிக்கிட்டாவது வெளிய ஓடியிருப்பா. அடச்ச ரூம்ல கங்கு இருந்தா விஷக்காத்து சேரும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது." பொழைப்பாளா என்று கேட்டதற்கு, விடியட்டும் என்றார்.

விடிந்து வெகுநேரம் கழித்து வீணா கண் விழித்தாள். முதலில் வாந்தி எடுத்தாள். பிறகு பிள்ளையைக் கேட்டாள். ஸ்ரீராம்புரத்திலிருந்து வந்திருந்த அவள் புருஷன் உமேஷ், பிள்ளையைக் கொண்டுவந்து பக்கத்தில் கிடத்தினான். அது பால் குடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாமியார் பக்கம் திரும்பினான்.

"அத்த, யாரு வச்சது சட்டிய?"

"குளிரு அப்பிடி இருந்துச்சுப்பா, யாரா இருந்தா என்ன..." கூட வந்திருந்த உஷா இடையில் புகுந்தாள்.

"நான்தான் வச்சேன்," என்றாள் சின்னத்தாயி. "அவ எடுக்கச் சொன்னா. நான் எடுக்கல."

உமேஷ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எந்திரிக்கணும்னு தெரிஞ்சுதும்மா," என்றாள் வீணா. குரல் கரகரத்தது. "காலுதான் கேக்கல."

சின்னத்தாயி எழுந்து போய்க் கட்டிலுக்குத் தலைமாட்டில் இருந்த ஜன்னலைத் திறந்தாள். சாரல் உள்ளே அடித்தது.

"யம்மோவ், மூடும்மா! குளிரு கொல்லுது!" வார்டில் ஒருத்தி கத்தினாள். இன்னொருத்தி போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு கன்னடத்தில் திட்டினாள். நர்ஸ் வந்தாள். "கிடகி ஹாக்கம்மா. எல்லாரும் பேஷண்ட்."

"மூட மாட்டேன்."

"பாணந்திக்கு, புள்ள பெத்தவளுக்கு, ஆகாதும்மா இது."

"நானும் அப்பிடித்தான் நெனச்சிருந்தேன்," என்றாள்.

கடைசியில் நர்ஸே ஒரு கதவை இழுத்துச் சாத்தினாள். அடுத்ததைச் சாத்த வந்தபோது சின்னத்தாயி சட்டத்தில் கையை வைத்துவிட்டாள். நசுக்கினால் நசுக்கிக்கொள் என்கிற மாதிரி விரல்களை அங்கேயே விட்டிருந்தாள். நர்ஸ் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனாள்.