ரொட்டி மெஷினும் ஆம்பளைச் சாமானும்

இன்று ஹட்டன் டவுனுக்கு ஒரு ரொட்டி மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனோம்!

நான், என் மகன் சந்திரன், அட்டைப்பெட்டிக்குள் மெஷின். (மூன்று பேரில் வாயை மூடிக்கொண்டு வந்தது மெஷின் மட்டும்தான்.)

எழுதப் படிக்கத் தெரியாத கிழவன் நான். போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. பிழை இருந்தால் போனைத் திட்டுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சந்திரன் இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குள் வந்தான். தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி ஒரு நடை!

“மல்லிகா, இனிமே ஒனக்கு வேலையே இல்ல! மா உருண்டைய வச்சு அமுக்கு, ரொட்டி ரெடி!”

மல்லிகா என் மருமகள். தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். இருட்டோடு எழுந்து எங்கள் எல்லோருக்கும் ரொட்டி சுட்டு வைத்துவிட்டுத்தான் மலைக்குப் போவாள். காலையில் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கக் கிடைக்காதா என்பது ஒன்றுதான் அவள் கேட்கிற வரம்.

“மாவ யாருங்க பெசையுறது?”

“நீதான்.”

“தேங்காய் திருவுறது?”

“அதுவும் நீதான்.”

“தேங்காய்ச் சம்பல் இடிக்கிறது?”

“என்னாடி கேள்வி இது?”

“அப்ப மெஷின் எதுக்குங்க, நான் வேலை செய்யிறத வேடிக்கை பாக்கவா?”

நான் சிரித்துவிட்டேன். சந்திரன் என்னை முறைத்தான்.

மறுநாள் அவள் வழக்கத்தை விட முந்தி எழுந்தாள். மெஷின் சூடாக வேண்டுமாம், பச்சை லைட் எரிய வேண்டுமாம், அதுவரை காவல் இருக்க வேண்டுமாம்!

தேங்காய்ப்பூ போட்டுக் கெட்டியாகப் பிசைந்த நம் ஊர் மா. மூடியை அமுக்கியதும் உருண்டை ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு ஓடியது. வெளியே வந்த ரொட்டி பொகவந்தலாவை ரோட்டு மாதிரி வளைந்து வளைந்து கிடந்தது.

நான் தேயிலை ஃபேக்டரியில் ரோலர் மெஷினோடு காலம் தள்ளியவன். மெஷினைக் கண்டு மயங்குகிற ஆள் இல்லை. ஒரு ரொட்டி நல்ல ரொட்டியா என்று விடியற்காலையில் தெரியாது ஐயா! பகலில், மலையில், ஆறிப்போன பிறகு சம்பலை வைத்து மடிக்கும்போதுதான் தெரியும்.

மல்லிகா மடித்தாள். அப்பளம் மாதிரி நொறுங்கியது!

கூட இருந்த பெண்கள் “என்னாடி, ரொட்டியா முறுக்கா?” என்று சிரித்தார்களாம். சம்பலைத் தனியாக நக்கித் தின்றுவிட்டு வேலை செய்துவிட்டு வந்தாள்.

சாயந்தரம் சொன்னபோது நம் கதாநாயகன் என்ன சொன்னான் தெரியுமா?

“மெஷின்ல ஒன்னும் குத்தமில்ல. ஒனக்குப் பாவிக்கத் தெரியல!”

 மல்லிகா என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, கொழுந்து வெட்டுற மெஷின் வந்தப்ப இவரு என்னா சொன்னாரு? ஒங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே!”

இருக்கும். நன்றாகவே இருக்கும்!

அந்த மெஷினை எங்கள் தோட்டத்தில் ஆண்கள் கையில்தான் கொடுத்தார்கள். சந்திரனுக்கும் ஒன்று கிடைத்தது. கையால் பறிக்கிற வேலை மட்டும் பெண்களுக்கு. “நானும் பழகிப் பாக்கவாங்க?” என்று இவள் கேட்ட இரவு எங்கள் வீட்டில் நெத்தலிக் குழம்பு. அவன் பல்லிடுக்கில் சிக்கிய முள்ளை நோண்டிக்கொண்டே சொன்னதை அப்படியே, ஒரு எழுத்து குறையாமல், அவன் முன்னாலேயே சொன்னேன்.

“மெஷின்னா அது ஆம்பளைச் சாமான். பொம்பள கைக்கு அடங்காது.”



மல்லிகா ரொட்டி மெஷினை இரண்டு கையாலும் தூக்கி, அவன் முன்னால் வைத்தாள்.

“அப்ப இது ஒங்க சாமான். காலையில எந்திரிங்க.”

எழுந்தான்! வேறு வழி? நான்தான் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்திருந்தேனே.

ஒரு நாள் கரி. ஒரு நாள் களி. ஒரு நாள் கரண்ட் டிரிப்பாகி லயம் முழுக்க இருட்டு, லயம் முழுக்க திட்டு! மல்லிகா மட்டும் போர்வைக்குள் சுகமாகத் தூங்கினாள். (சரி, சிரித்துக்கொண்டும் இருந்தாள்.)

நேற்று இரவு அறிவித்தான்: “மெஷின் ரிப்பேர்.”

அதனால்தான் இன்று ஹட்டன்.

கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) நல்ல மனுஷர். பக்கத்து ஹோட்டலில் தேங்காய்ப்பூ போடாத, மெத்தென்ற ஒரு மா உருண்டை வாங்கி வந்து, வைத்து, அமுக்கினார். ரொட்டி வட்டமாகப் பூரித்து வந்தது! (பிய்த்துத் தின்றேன். காற்றைத் தின்ற மாதிரி இருந்தது. அது வேறு விஷயம்.)

“மெசின் நல்லாத்தானே ஈக்குது. வீட்டுல யாரு தம்பி சுட்ட?”

“நான்தான் நானா.”

நானா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“மெசினுக்குத்தான் வாரண்டி தம்பி. ஆளுக்கு நாங்க குடுக்கிறல்ல.”

பஸ்ஸில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். வட்டகொடை போகிற ஒருவர், “என்னா தம்பி, சம்சாரத்துக்கா?” என்று கேட்டார். “ஆமா” என்றான் வெட்கமில்லாமல்!

வாசலில் மல்லிகா.

“என்னா மாமா, எடுத்துக்கிட்டாங்களா?”

“இல்லம்மா. ரிப்பேரான சாமான எடுக்க மாட்டாங்களாம்.”

அவள் மெஷினைப் பார்த்தாள். நான் மகனைக் காட்டினேன்.

சந்திரன் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுச் சமாதானக் குரலில் சொன்னான்:

“போனாப் போகுது மல்லிகா. நாளையில இருந்து பழையபடி கல்லுலயே சுட்டுடலாம்.”

அவள் தலையை முடிந்துகொண்டே சொன்னாள்:

“சுடுங்க.”

இப்போது கொல்லைப் பக்கம் உட்கார்ந்து தேங்காய் திருவிக்கொண்டிருக்கிறான், விரலையும் சேர்த்து.

ஒரு சந்தேகம், நண்பர்களே. மிக்சி, கிரைண்டர், ரைஸ் குக்கர் எல்லாம் மெஷின்தானே?

உங்கள் வீட்டில் எந்த ஆம்பளை ஓட்டுகிறார்?