காத்திருக்கத் தெரிந்தவர்

அண்ணியின் குரலை முதன்முதலில் தொலைபேசியில்தான் கேட்டேன். அண்ணனுக்கு நிச்சயமான மாதம், நார்வேயிலிருந்து அழைத்திருந்தார். என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், முதல் எழுத்திலேயே நாக்கு பூட்டிக்கொண்டது. இந்த இடத்தில் எல்லோரும் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிடுவார்கள். அவர் வைக்கவில்லை. "நான் லைன்லதான் நிக்கிறன்" என்றார், யாழ்ப்பாணத் தமிழில். பெயர் வரும்வரை நின்றார்.

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. என் திக்குவாய் தீர வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தார்கள். மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நான் 'த' என்று தொடங்கினால் அம்மா "தண்ணியா?" என்பார். கேட்க வந்தது தலையணை. பேசாமல் தண்ணீரை வாங்கிக் குடித்துவிடுவேன். மருத்துவமனை என்ற பேச்சு வந்தால் மட்டும், "அங்க போனா நோயின்னு ஆயிடும்லா" என்று அம்மா மறுத்துவிடுவார்.

மணமாகி வந்த அண்ணிக்கு இது விளங்கவில்லை. நார்வேயில் அவரோடு படித்த ஒருவனுக்கும் திக்குமாம். பேச்சுப் பயிற்சியாளர் வகுப்புக்கே வந்து, அவன் சொல்லை யாரும் முடித்துவைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாராம். "திக்கிறவரை மட்டுமில்லை, கேக்கிறவையளையும் பழக்குவினம்" என்றார். அப்படிப்பட்ட பயிற்சியாளர் பினாங்கிலும் இருந்தார், நாங்கள்தான் தேடவில்லை. பயிற்சிக்குப் போன முதல் நாள் அண்ணியே கூட வந்தார். திக்குவதை ஒளிக்காமல் பேசக் கற்றேன்.

அப்பா இறந்தபோது மாதா கோயிலில் அவரைப் பற்றி நான் பேச விரும்பினேன். "வேணாம்யா, அத்தன பேரு முன்னால... அண்ணன் பேசட்டும்" என்று அம்மா அழுதார். பேசினேன். "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் 'அப்பா' என்ற சொல்லே வரவில்லை. யாரோ இருமினார்கள். சிலர் தலைகுனிந்தார்கள். முன்வரிசையில் அம்மாவின் உதடுகள் எனக்காக அந்தச் சொல்லை உச்சரிக்கத் திறந்தன. அண்ணி அவர் கையைப் பற்றினார். அம்மா வாயை மூடிக்கொண்டார். கோயிலே காத்திருந்தது. "அப்பா" என்றேன். பிறகு திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

போன வாரம் அம்மாவோடு காப்பிக் கடைக்குப் போயிருந்தேன். என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். எனக்கு 'ப'வில் நின்றுவிட்டது. "பரோட்டாவா? பசெம்பூரா?" என்று பலகாரப் பெயர்களை அவர் அடுக்கத் தொடங்கினார்.

"இருங்கலா அண்ணே" என்றார் அம்மா. "அவனே சொல்லுவான்."