வலை கட்டிய மேசை

“…சரி, நீ கேக்கேல்லை. அதை விடு. இப்ப இந்தக் கடதாசியை நான் கொண்டுபோய் எந்த மேசையில வைக்கிறது, தம்பி? நீயே சொல்லு பாப்பம்.”

அக்கா இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கையிலிருந்த செடிப் பிசின் ஒட்டிவிடக் கூடாதென்று கடிதத்தின் ஓரத்தை இரண்டு விரல் நுனியால் மட்டும் பிடித்திருந்தார். எங்களுக்கு முன்னால் இடுப்பளவு உயரத்தில் ஒரு நீண்ட மேசை. மேசையில் வரிசையாகச் சட்டிகள், சட்டிகளுக்கு மேலே ஒரு வலை, வலைக்கு மேலே கஞ்சாச் செடிகளின் தளிர்கள், அதற்கும் மேலே விளக்குகள். விளக்குகள் இரைந்துகொண்டிருந்தன. நான் யோசித்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னால் அதுவும் பொய். வெறுமனே நின்றேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. சூரிச்சுக்குப் பக்கத்து டீட்டிகோன் நகரத்துக்கு வெளியே, லிம்மாத் ஆற்றுப் பக்கமாக ஒரு பழைய பூந்தோட்டம் இருந்தது. அதை நடத்தியவர் அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு சுவிஸ் அம்மா. நாங்கள் அவரைச் செஃபின் என்போம்; முதலாளியம்மா என்றுதான் அர்த்தம். இருபத்தைந்து வருடம் கார்னேஷன் வளர்த்தவர். வெளிநாட்டிலிருந்து மலிவாகப் பூ வரத் தொடங்கியதும் அவருடைய பூவை யாரும் கேட்கவில்லை. கண்ணாடிக் கூடாரங்களைப் பூட்டிவிட்டு, பின்னாலிருந்த பொதிகட்டும் மண்டபத்துக்குள் விளக்குகளைக் கட்டிக் கஞ்சா போட்டார்.

அந்த வருடங்களில் சுவிஸில் இந்த விடயம் ஒரு மாதிரி. செடி வளர்க்கலாம் என்றார்கள். பூவைக் காயவைத்துச் சின்னத் துணிப்பைகளில் அடைத்து, அலுமாரிக்குள் வைக்கிற வாசனைப் பை என்று கடைகளில் விற்றார்கள். புகைப்பதற்கல்ல என்று பையிலேயே அச்சடித்திருக்கும். வாங்க வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் அலுமாரியை நினைக்கிற முகமாக இருக்காது. அக்கா சொல்வார்: “எங்கட ஆக்கள் கலியாணச் சேலைக்கே ஒரு நப்தலீன் உருண்டையோட விட்டிடுவினம். இஞ்ச சட்டையளுக்கு என்ன மரியாதை!”

அக்கா மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர். நாற்பது வயதிருக்கும். எனக்கு மூன்று மாதம் முன்னதாகவே அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய கணவர் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார். பொலிஸ் பதிவு, சுற்றிவளைப்பு, பிறகு மறுபடி பதிவு என்று அவருக்கு நாள் போனது. அவரைச் சுவிசுக்கு எடுக்க அக்கா விண்ணப்பித்திருந்தார். சூரிச்சில் வெளிநாட்டார் விடயம் பார்க்கிற அலுவலகம் ஒன்றே ஒன்றைக் கேட்டது: ஒரே இடத்தில் ஆறு மாதம் தொடர்ச்சியாக வேலை செய்ததற்கு முதலாளியின் கடிதம். ஆறு மாதம் முடிய அதை எழுதித் தருவதாகச் செஃபின் முன்பே அக்காவிடம் ஒத்துக்கொண்டிருந்தார். அது இருந்தால் கணவர் வரலாம். இல்லையென்றால் வேறு வேலை பிடித்து, முதலாம் நாளிலிருந்து திரும்ப ஆறு மாதம்.

அடுத்த நகரமான பாடனில் எங்கள் எல்லோருக்கும் விண்ணப்பம் நிரப்பித் தருகிற அண்ணை ஒருவர் இருந்தார். அக்காவின் வேலையைக் கேட்டதும் பேனையை மூடி வைத்துவிட்டாராம். “சட்டம் என்னவோ இருக்கட்டும் பிள்ளை. அகதிப் பொம்பிளை ஒருத்தியின்ர கடதாசியில அந்தச் செடியின்ர பேரைக் கண்டால், கண்டவன் அடுத்த வரிக்குப் போகமாட்டான். தோட்ட வேலை எண்டு எழுதி வாங்கு. பூ எண்டால் இன்னும் நல்லம்.”

ஊராட்களிடமும் நாங்கள் பூந்தோட்டம் என்றுதான் சொல்லியிருந்தோம். அக்கா எலுமிச்சம்பழம் தேய்த்துக் கைகழுவாமல் ரயில் ஏறமாட்டார். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்குப் போகும்போது தலைமுடிக்கும் எலுமிச்சை. “சுவாமியார் சாம்பிராணி தூக்கினாப் பிறகுதான் எனக்கு மூச்சு வரும். அந்தப் புகைக்குள்ள என்ர மணம் ஒருத்தருக்கும் பிடிபடாது,” என்பார்.

நான் யாழ்ப்பாணத்துப் புகையிலைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன். நான் சேர்வதற்குக் கொஞ்சக் காலம் முன்னர்தான், ஆமி வருகிறதென்று, ஊரே வீடு வாசலை விட்டு நடந்துபோனது. அம்மாவும் பெரியண்ணை குடும்பமும் அந்தச் சனத்தோடு போனார்கள். அதற்குப் பிறகு கடிதம் இல்லை. எட்டு மாதம். அழுகை வரவில்லை. பசியும் ஒழுங்காக வரவில்லை. வேலை முடிந்து அறைக்கு வந்தால் சப்பாத்தோடேயே கட்டிலில் இருப்பேன். ரயிலில் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டுப் பாடன் வரை போய், மற்ற ரயில் பிடித்துத் திரும்பி வருவேன், எரிச்சல்கூட வராது. யாராவது என்னைப் பார்த்து ஏதாவது சொன்னால் அந்தச் சொல் மட்டும் ஞாபகத்தில் நிற்கும். நானாக என்னை நினைத்துப் பார்த்தால் ஒன்றும் நிற்கவில்லை.

வேலையைச் சொல்கிறேன். கார்னேஷனுக்குக் கட்டிய சதுரக் கண் வலை செஃபினிடம் சுருள் சுருளாகக் கிடந்தது. அதையே சட்டிகளுக்கு மேலே, முழங்கைக்கும் விரல் நுனிக்குமான அளவு உயரத்தில் இழுத்துக் கட்டியிருந்தார். செடி வளர்ந்து வலைக்கு மேலே எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்க்கிற தளிரை முறிக்காமல் மெல்ல வளைத்து, வலைக்கு அடியால் கொண்டுபோய், பக்கத்துக் கண்ணில் விடவேண்டும். நடுத் தண்டு படுத்துக்கொண்டால் பக்கத் தளிர்கள் எல்லாம் எழும்பும். அவற்றையும் ஆளுக்கொரு கண்ணில் இருத்தவேண்டும். அப்படிச் செய்துகொண்டே வந்தால் எல்லாத் தலைகளும் ஒரே உயரத்தில் நிற்கும். விளக்கு எல்லாவற்றுக்கும் ஒரே தூரத்தில் இருக்கும். கிட்டப்போய்க் கருகுகிறதும் இல்லை, கீழே கிடந்து சோருகிறதும் இல்லை. அக்காவின் மேசையில் உள்ளங்கையை விரித்துத் தடவினால் பாயைத் தடவுகிற மாதிரி இருக்கும்.

அக்கா செடிகளோடு கதைத்துக்கொண்டேதான் செய்வார். “நீ என்ன, கோயில் கமிட்டித் தலைவரோ? குனி. உனக்குப் பின்னால நிக்கிறவளுக்கும் வெளிச்சம் வேணும்.” என்னைப் பார்த்து, “இதுகளுக்கு வெயிலும் குடுத்து, காத்தும் குடுத்து, நேரத்துக்குத் தண்ணியும் குடுக்கினம். எங்களுக்கு ஒரு முத்திரை குத்த என்ன கையுளைவு?” என்பார்.

இரண்டாவது கிழமை ஒரு காலை, செஃபின் ஒரு மேசையை என்னிடம் தனியே விட்டுவிட்டுப் போனார். அக்கா வேறு அறையில் மண் கலந்துகொண்டிருந்தார். செடியில் கை வைத்ததும் என் கை ஊருக்குப் போய்விட்டது. புகையிலைக்கு நாங்கள் செய்வது இரண்டு வேலை. குருத்தை முறிப்போம். பக்கத்தில் வெடிக்கிற தளிரை ஒன்று விடாமல் கிள்ளி எறிவோம். அப்போதுதான் இலை அகலும், தடிக்கும். பத்து வயதிலிருந்து செய்த வேலை. விரல் தானாகவே போனது. ஒரு மணித்தியாலத்தில் முழு மேசையையும் சுத்தம் செய்துவிட்டேன். நான் கிள்ளி எறிந்தவைதான் வலையை நிரப்பவேண்டிய தளிர்கள். வெறும் தண்டும் பெரிய இலைகளுமாகச் செடிகள் வலைக்குக் கீழே நின்றன. வலை காலியாகக் கிடந்தது. பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. புகையிலைத் தோட்டம் மாதிரி.

செஃபின் வந்தார். காலடியில் கிடந்த தளிர்க் குவியலைப் பார்த்தார். “ஜேசஸ்,” என்றார். பிறகு, இப்படிச் செய்யச் சொல்லித் தந்தது யார் என்று கேட்டார்.

எனக்கு அப்போது மூன்று மாதச் சோதனைக் காலம். ஒரு சொல்லில் அனுப்பிவிடலாம். வாயைத் திறக்கத்தான் நினைத்தேன். அதற்குள் வாசலில் மண் கையோடு வந்து நின்ற அக்கா, தன்னிடமிருந்த கொஞ்ச டொச்சில், அதாவது ஜெர்மனில், சொல்லிவிட்டார்: “நான். நான் பிழையாய்ச் சொன்னது.”

செஃபின் கத்தவில்லை. அன்றிலிருந்து காலை வணக்கம் மட்டும். முன்பெல்லாம் அக்காவுக்குத் தன் போத்தலிலிருந்து கோப்பி ஊற்றிக் கொடுப்பார், அது நின்றுபோனது.

அன்றைக்கு ரயிலுக்கு நடக்கும்போது அக்கா கேட்டார்: “அது சரி, நீ செடிக்குச் சவரம் செய்தனியோ, மொட்டை போட்டனியோ?” நான் சிரிக்கவில்லை. கொஞ்சத் தூரம் போய்ச் சொன்னார்: “எனக்கு ஒரு உதவி மட்டும் செய். இனி நான் வாய் திறந்து அந்த மனுசியட்டை ஒண்டும் கேக்கேலாது. உன்ர டொச் நல்லாய் ஓடும். என்ர ஆறு மாசம் முடியேக்க எழுதப்போற கடிதத்தில பூ எண்டு போடச் சொல்லு. இப்பவே கேட்டு வை. மாட்டன் எண்டால் இப்பவே தெரியட்டும். நான் வேற இடம் பாப்பன்.”

“ஓம் அக்கா, கேக்கிறன்,” என்றேன்.

கேட்கவில்லை. ஏன் என்று இன்றைக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. பயம் என்று சொல்ல ஆசைதான். பயம் இருந்த ஞாபகம் இல்லை. காலையில் செஃபினைக் காண்பேன். நாளைக்குக் கேட்போம் என்று தோன்றும். அடுத்த நாளும் அதுவே தோன்றும். திங்கட்கிழமைகளில் அக்கா கேட்பார்: “கேட்டனியோ?” “இந்தக் கிழமை கேக்கிறன்.” ஒரு திங்கள் அவர் கேட்டபோது, “கேட்டனான், எழுதுவா,” என்றேன். அது வாயிலிருந்து அவ்வளவு லேசாக வந்தது. அக்கா நின்ற இடத்திலேயே சிலுவை போட்டுக்கொண்டார். நான் அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கேட்டிருந்தால் செஃபின் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். ஒருமுறை சாமான் ஏற்றவந்த லொறிக்காரன், விநியோகத் துண்டில் தக்காளி என்று போடுங்களேன், வழியில் கேள்வி வராது என்றான். செஃபின் பேனையைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்: “நான் எதை வளர்க்கிறேனோ அதைத்தான் எழுதுவேன். வெட்கமாக இருந்தால் வளர்த்திருக்கமாட்டேன். வரி கட்டுகிறேன், முதியோர் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் வெட்டுகிறேன், எல்லாக் கடதாசியிலும் செடியின் பெயர் இருக்கிறது.” ஆகவே மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார். சொல்லியிருந்தால் அக்கா அன்றைக்கே வேறு வேலைக்குப் போயிருப்பார். புது இடத்தில் இந்நேரம் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஓடியிருக்கும். என்னால் போனது அந்த மூன்று மாதம். கொழும்பு லொட்ஜில் மூன்று மாதம்.

வியாழக்கிழமை காலை செஃபின் திறந்த உறையில் கடிதத்தை என்னிடம் தந்தார். அக்காவுக்கு வாசித்துக் காட்டு என்றார். அவர் முகம் அன்று மலர்ந்திருந்தது. திங்கள் வரை தெற்கே தெசினில் இருக்கிற தங்கச்சியிடம் போகிறேன் என்று சொல்லிக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்காவுக்குச் சூரிச் அலுவலகத்தில் தவணை அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு.

மேசைக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். முதல் வரியிலேயே செடியின் பெயர். கஞ்சாச் செடி வளர்ப்பில் ஆறு மாதம், விளக்கின் கீழ், வலைமுறையில். அக்காவின் விரல் ஒரு தளிரை வளைத்த மாதிரியே வலைக்குள் நின்றுவிட்டது. நான் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனேன். நேரம் தவறியதில்லை. சுகயீன விடுப்பு எடுத்ததில்லை. ஆரம்பத்தில் ஒரு தவறு நடந்தது, பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார். பிறகு ஒரு வரி: என் தோட்டத்தில் மிகவும் சமமான மேசை இவருடையது, இருபத்தைந்து வருடம் கார்னேஷன் வளர்த்த என்னுடையதைவிட.

“அதைத் திரும்ப வாசி,” என்றார் அக்கா.

வாசித்தேன்.

“மனுசி அப்பிடியோ எழுதியிருக்கிறா?”

“ஓம்.”

கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினார். எழுத்தைப் பார்த்தார். அவருக்கு அதில் தன் பெயர் மட்டும்தான் வாசிக்க வரும். “நீ கேட்டனி எண்டெல்லே சொன்னாய்?”

“கேக்கேல்லை அக்கா.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குள் ஏதாவது அசைந்திருக்கும் என்று பிற்காலத்தில் நினைத்திருக்கிறேன். அவர் விளக்கைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், பிறகுதான் அந்தக் கேள்வி. சூரிச் அலுவலகத்தில் இதை எந்த மேசையில் வைக்கிறது என்று. கேட்டுவிட்டுக் கடிதத்தை என் பக்கம் நீட்டினார்.

“அந்த நல்ல வரி எதெண்டு காட்டு.”

விரலால் தொட்டுக் காட்டினேன். அக்கா இடுப்பிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, பிசினைத் துணியில் துடைத்து, அந்த வரியை மட்டும் நீளமாக, கோணாமல் வெட்டியெடுத்தார். கைப்பையைத் திறந்து செபப் புத்தகத்துக்குள் அதை வைத்தார். மிச்சக் கடதாசியைக் கழித்த இலை போடுகிற வாளிக்குள் போட்டார். பிறகு பாதியில் விட்ட தளிருக்குத் திரும்பி, அதை வலைக்கு அடியால் கொண்டுபோய்ப் பக்கத்துக் கண்ணில் இருத்தினார். அப்படியே வரிசையின் கடைசிச் சட்டி வரை போனார். முடிந்ததும் மேசையை உள்ளங்கையால் ஒருதரம் தடவிப் பார்த்தார். ஏப்பிரனை அவிழ்த்து, நாலாக மடித்து, “திங்கள் மனுசி வந்தால் குடு,” என்று என் கையில் தந்தார். எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு கைகழுவப் போனார்.