இன்னும் காயாத படம்

எனக்குப் பொறுமை கிடையாது. படம் வரைகிறவள் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒரு கத்தரிக்காயை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறாளே, என்ன நிதானம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உட்கார்ந்திருப்பது உடம்பு மட்டும்தான். மனசு எப்போதோ எழுந்துபோய் அடுத்த படத்துக்குச் சட்டத்தில் கான்வாஸ் துணி அடித்துக்கொண்டிருக்கும்.

கத்தரிக்காயும் சும்மா இருப்பதில்லை. காலையில் மார்க்கெட்டிலிருந்து வந்தபோது இருந்த மினுமினுப்பு மத்தியானம் இருக்காது. சன்னல் வெயில் வேறு மேசையில் நகர்ந்துகொண்டே போகும். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்த காலம் முழுக்க இதை 'அசையாப் பொருள்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பெயரை வைத்தவர் என் வீட்டுக்காரரோடு குடித்தனம் நடத்தியதில்லை. வரைய வைத்த வாழைப்பழத்தில் ஒன்றை உரித்துத் தின்றுவிட்டு, "நாலு இருந்தா என்ன, மூணு இருந்தா என்ன? யாரு வந்து எண்ணப் போறா?" என்று கேட்பார். கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாதாடத் தெரியாதா?

ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரைவது இன்னும் மோசம். ஒரு நாள் தண்ணீருக்கு மேல் பாறைகள் வரிசையாகத் தெரியும். பாதி வரைந்துவிட்டு மறுநாள் போனால், அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருப்பார்கள். பாறையைக் காணோம். குளிக்க வந்தவர்களைப் பார்த்து எரிந்து விழுவேன். அவர்கள் என்ன செய்வார்கள் பாவம்!

ஆயில் பெயிண்டை நான் விட்டதே இந்த அவசரத்தால்தான். அதில் வெள்ளை காய்வதற்கு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். நான் காத்திருக்க மாட்டேன், ஈரத்தின் மேலேயே அடுத்த நிறத்தை இழுத்து எல்லாவற்றையும் சேறாக்கிவிடுவேன். தண்ணீரில் கரைக்கிற அக்ரிலிக் வந்ததும் அதற்கு மாறிக்கொண்டேன். டீ ஆறுவதற்குள் காய்ந்துவிடும்.

காயும் பழமும் ஆறும் இப்படி என்றால், வீட்டு மனிதர்கள் யாரும் என் முன்னால் உட்காரவே மாட்டார்கள். அதற்குக் காரணம் என் மாமனார் படம். கல்யாணமாகி வந்த புதிதில் அவரை வரைந்தேன். அவருக்கு ஒரே பெருமை. தாமே சுத்தியலை எடுத்து முன்னறைச் சுவரில் மாட்டினார். காலியாக இருந்த ஆணி, இறந்துபோன பெரியவர்களின் போட்டோ வரிசையில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு அவசர அவசரமாகப் படங்களுக்குப் பூ வைத்துக்கொண்டு வந்தவள், வரிசையோடு வரிசையாக அதற்கும் ஒரு சரம் சாத்திவிட்டேன்.

அன்றைக்குப் பார்த்து என் வீட்டுக்காரரின் அத்தை மகன் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வாழைத்தாரோடு வந்து சேர்ந்தார். படத்தைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், தாரைக் கீழே போட்டார்.

"மாமா! எப்பத் தவறுனாக? எனக்கு ஒரு வார்த்தை சொல்லி விடக் கூடாதா?"

குளியலறைக் கதவு திறந்தது. இடுப்பில் துண்டோடு மாமனார் வெளியே வந்தார்.

"யாருலே அது, வந்ததும் வராததுமா ஒப்பாரி வைக்கது?"

தெருவே சிரித்தது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. படம் பீரோவுக்குப் பின்னால் போனது. அதற்குப் பிறகு அவர் பல வருஷம் நன்றாகத்தான் இருந்தார். அவர் காலமானதும் அதே படத்தைத் தூசி தட்டி, அதே ஆணியில் மாட்டி, மாலை போட்டார்கள். அன்று முதல் என் வீட்டுக்காரர் என் பென்சிலைக் கண்டாலே எழுந்துபோய்விடுவார். "நம்ம வீட்டுச் செவுத்துல ஏறுனவுக யாரும் இறங்கி வந்ததில்ல. என்னைய விட்டுரு" என்பார். நானும் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

போன வருஷம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. அடைப்பு இருக்கிறது, நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லி, அடுத்த வாரத்துக்கு நாள் குறித்தார்.

அந்த நாட்களில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. துடைத்த மேசையையே துடைத்தேன். பிறகு பேப்பரை எடுத்துக் கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தேன். அவர் மாத்திரை டப்பா, மூக்குக்கண்ணாடி, வாசலில் கிடந்த செருப்பு. பயந்து செத்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் திரும்பி வராமல் போய்விட்டால், அவர் முகத்தை நான் ஒரு தடவைகூட உட்கார்ந்து பார்த்ததாக இருக்காது. போனில் போட்டோ கொட்டிக்கிடக்கிறது. அது போன் பார்த்த முகம். நான் பார்த்ததாக ஒன்று எனக்கு வேண்டும். அதை அவரிடம் கேட்கத்தான் வாய் வரவில்லை.

மேசையில் கிடந்த தாளை அவர் எடுத்துப் பார்த்தார்.

"என்னட்டி இது? செருப்பு கெடக்கு, ஆளைக் காணோம்?"

அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முன்னால ஒரு பெயிண்ட் வச்சிருப்பியே, வீடெல்லாம் நாறுமே, காயவே காயாதே. அது இருக்கா?"

"ஆயில். பரண்ல கெடக்கும். எதுக்கு?"

"அதுல என்னைய வரை. ஈரமா இருக்க படத்தை எவனும் செவுத்துல மாட்ட முடியாதுல்லா? நான் வாரதுக்குள்ள மட்டும் காஞ்சிரக் கூடாது, சொல்லிட்டேன்."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். அவருக்கா உட்கார முடியும்! மோட்டார் ஓடுகிறதா என்று எழுந்தார், போன் அடித்தால் எழுந்தார், வாய் ஓயாமல் பேசினார். வழக்கமாக இருந்தால் பிரஷ்ஷை வீசியிருப்பேன். அன்று அப்படியே ஆடட்டும், பேசட்டும் என்று இருந்தது. நெற்றி வந்தது, மூக்கு வந்தது, ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலான அந்த மீசை வந்தது. ஓயாத அந்த உதடும் வந்தது. சட்டைக்குக் கோடு மட்டும் இழுத்திருந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நாள் வந்துவிட்டது.

"சட்டை?" என்று கேட்டார்.

"வந்தப்பறம்."

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாமியை நினைக்கலாம் என்று கண்ணை மூடினால், வீட்டில் ஃபேனை அணைத்தோமா என்ற நினைப்புத்தான் வந்தது. காற்றுப் பட்டால் சீக்கிரம் காய்ந்துவிடுமே! சாவி வைத்திருந்த பக்கத்து வீட்டு டீச்சரம்மாவைப் போனில் கூப்பிட்டேன்.

"யக்கா, அண்ணாச்சிக்காக நான் இங்கன முழங்கால் போட்டு செபம் பண்ணிக்கிட்டு இருக்கேன். நீங்க ஃபேனைப் பத்திக் கேக்கியளே!"

"நீ போய்ப் பாரு தாயி. சன்னலையும் சாத்திரு."

போய்ப் பார்த்துவிட்டு, ஃபேன் ஓடவில்லை, சன்னலும் சாத்தித்தான் இருக்கிறது என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவர் வீட்டுக்கு வந்தார். நெஞ்சைச் சுற்றிக் கட்டிய பட்டையும், பாதியாகிப்போன உடம்புமாக ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து, கட்டிலுக்குப் போகாமல் நேரே படத்துக்கு முன்னால் போய் நின்றார். படத்தின் கன்னத்தில் விரலை வைத்தார். விரல் நுனியில் பெயிண்ட் ஒட்டியது. அதை என்னிடம் நீட்டிக் காட்டினார். கன்னத்தில் அந்த விரல் தடம் இன்னும் இருக்கிறது. நான் சரிசெய்யவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஸ்ரீவைகுண்டத்து அத்தை மகன் பார்க்க வந்தார். தலை நரைத்துவிட்டது, ஆனாலும் கையில் வாழைத்தார். முன்னறையில் ஸ்டாண்டில் இருந்த படத்தைக் கண்டதும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பூ இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தார். பிறகு என்னிடம் மெள்ளக் கேட்டார்.

"யக்கா, அத்தான் உள்ளதானே இருக்காக?"

"இங்கனதான் கெடக்கேன், வாலே" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

வந்தவருக்கு உயிர் வந்தது. தாரை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து பார்த்தார்.

"மூஞ்சி அப்படியே அத்தான்தான். சட்டையை ஏன் விட்டுட்டிய? இத்தனை நாளா இன்னுமா காயலை?" என்று விரலை நீட்டினார்.

"தம்பி, தொடாதீங்க. ஈரமா இருக்கு."

பொய்யில்லை. காலையில் என் வீட்டுக்காரர் எழுந்திருப்பதற்கு முன்னால் காலரில் ஒரு தீற்று வெள்ளை வைத்திருந்தேன். ஒன்று காயக் காய அடுத்த தீற்றை வைத்துக்கொண்டுதான் வருகிறேன்.