குசினியில் நின்ற நான்கு பேர்

அடுத்த கிளைக் கூட்டத்துக்கான அறிவிப்பை ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். "வருகைப் புத்தகத்தில் தவறாமல் கையெழுத்திடவும்" என்ற வழக்கமான வரியில் பாதி ஏறியிருந்தபோது தொலைபேசி அடித்தது. தில்லை அண்ணனின் பக்கத்து பிளாட் நடேசன் பேசினார். "தில்லை அண்ணை மோசம் போயிட்டார்" என்றார். காலையில் வேலைக்குப் புறப்பட்டுச் சப்பாத்து போடக் கதிரையில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். எனக்கு அழுகை வரவில்லை. கடைசி நாட்களில் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். கேட்காமல் போனை வைத்தேன்.

சிட்னியிலும் மெல்பர்னிலும் இந்தச் செய்தி மடலைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்குத் தில்லையம்பலத்தைத் தெரிந்திருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வே அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை பார்த்தவர். சிட்னியின் ஹோம்புஷ்ஷில் அவருடைய பிளாட்டில் ஒரு வாரமாவது தங்காமல் இந்த ஊரில் வீடு பிடித்த தமிழர்கள் குறைவு. நானும் சென்னையிலிருந்து வந்திறங்கிய புதிதில் அங்கேதான் தங்கினேன். மடலின் ஆசிரியர் என்னிடம் இரண்டு பக்கம் கேட்டார். அவர் எதிர்பார்ப்பது புகழுரை. இதில் பழியும் இருக்கும். அது தில்லை அண்ணன் மேல் சுமத்தும் பழி அல்ல.

என்னைக் கட்சியில் சேர்த்தவர் அவர்தான். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றக் கட்சிக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள், அவர்களும் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. நமக்கு எதற்கு இந்த ஊர் அரசியல் என்று நான் தயங்கியபோது அவர் சிரித்தார். "வரி கட்டுறம், றோட்டிலை நடக்கிறம். கையை மட்டும் ஏன் பொக்கற்றுக்குள்ள வைச்சிருக்கோணும், ஐசே?" என்றார். அடுத்த கூட்டத்துக்கு நான் போனேன். ஆங்கிலம் ஒழுங்காக எழுதுகிறேன் என்று ஒரே வருடத்தில் என்னைக் கிளைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். அதற்கும் பின்னால் நின்று பேசியவர் அவர்தான்.

அவருக்கு ஒரு வீதி மேல் கண். செங்கல் சூளைப் பக்கமாகப் போகும் அந்த வீதியில் நடைபாதை கிடையாது. ஆஸ்பத்திரியிலும் தொழிற்சாலையிலும் ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் லாரிகளுக்கு ஒதுங்கிச் சேற்றில் நடப்பார்கள். அவர் அந்த வட்டாரம் முழுவதையும் கையாலேயே வரைந்து, வீடு வீடாகப் போய்ப் பேசி, நம் பக்கம் இருப்பவர்களுக்கு நீலமும் தெரியாதவர்களுக்குப் பென்சிலும் தீட்டி வைத்திருந்தார். இறைச்சித் தொழிற்சாலையிலிருந்து நாற்றம் வீசும் நாட்களிலும் மூக்கைப் பொத்தாமல் கதவு தட்டிய மனிதர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். நகராட்சித் தேர்தல் வந்தபோது, எங்கள் வட்டாரத்துக்குக் கட்சி வேட்பாளராக நிற்க அவர் மனுக் கொடுத்ததில் யாருக்கும் ஆச்சரியம் இருந்திருக்கக் கூடாது. ஆனால் இருந்தது. தன் முறை வந்துவிட்டது என்று பல வருடங்களாகக் காத்திருந்த, கிளையின் பழைய உறுப்பினர் ஆர்தருக்கு அது ஆச்சரியமாக மட்டும் இல்லை, அவமானமாகவும் இருந்தது.

கட்சிக்குள்ளே வேட்பாளர் யார் என்று தீர்மானிக்கும் அந்த வாக்கெடுப்புக்கு முன் இரண்டு மாதம் கிளை இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒருவர் வீட்டுத் தேநீரை மற்றவர் குடிப்பதில்லை. கறுப்பன் நின்றால் வட்டாரம் கைவிட்டுப் போகும் என்று ஆர்தரின் ஆட்கள் நேரடியாகச் சொல்லவில்லை. "மக்கள் இன்னும் தயாராகவில்லை" என்றார்கள். தில்லை அண்ணன் அதற்குக் கோபப்பட்டுப் பதில் சொல்லவில்லை. வரைபடத்தை மேசையில் விரித்து, எந்த மக்கள், எந்த வீடு என்று காட்டச் சொன்னார். அவர்களால் ஒரு வீட்டைக்கூடக் காட்ட முடியவில்லை.

இனி, வருகைப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேட்பாளர் தேர்வில் வாக்களிக்க வேண்டுமானால், அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் குறைந்தது மூன்று கூட்டங்களுக்கு வந்திருக்க வேண்டும் என்பது விதி. வந்ததற்குச் சாட்சி அந்தப் புத்தகம். கூட்டம் தொடங்கியதும் அது முன்வரிசையிலிருந்து கைமாறிப் பின்வரிசைக்குப் போகும். பிறகு நான் அதை மூடி மேசைக்கு அடியில் வைப்பேன்.

அந்த நேரத்தில் நம் ஆட்கள் நான்கு பேர் மண்டபத்தில் இருக்கமாட்டார்கள். தில்லை அண்ணனின் மனைவி பரமேஸ்வரி அக்கா, அவருடைய தங்கை புவனேஸ்வரி, பக்கத்து பிளாட் மலர்விழி, மலர்விழியின் கணவர் நடேசன். நால்வரும் சந்தா கட்டிய உறுப்பினர்கள். எல்லோருக்கும் முன்பே வந்து, தட்டுகளோடு நேரே மண்டபத்தின் பின்னால் இருக்கும் குசினிக்குள் போய்விடுவார்கள். டின் மீன் கட்லட்டைச் சூடாக்குவது, றோல்ஸைப் பொரிப்பது, தேநீர் ஊற்றுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. யாரும் அவர்களைப் பணிக்கவில்லை. நாலு பேர் கூடும் இடத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது, வந்தவர்கள் வாய் நனையாமல் எழுந்து போகக் கூடாது என்பது நம் ஆட்களின் எண்ணம். குசினியின் திறந்த கதவு வழியாக எல்லாப் பேச்சையும் கேட்டுக்கொண்டு, கை தூக்க வேண்டிய நேரத்தில் வாசலில் வந்து நின்று கரண்டியோடு கையும் தூக்குவார்கள். ஆனால் புத்தகம் ஒருநாளும் குசினிக்குப் போனதில்லை. கொண்டுபோக வேண்டியவன் நான். எனக்குத் தோன்றவில்லை. கட்லட் மட்டும் தவறாமல் என் மேசைக்கு வந்தது.

வாக்கெடுப்பு ஒரு சனிக்கிழமை மதியம். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். நால்வரும் வரிசையில் வந்ததும் ஆர்தரின் நண்பர் ஒருவர் ஆட்சேபம் சொன்னார். அதிகாரி என்னைக் கூப்பிட்டு, இவர்கள் கூட்டங்களுக்கு வந்தார்களா என்று கேட்டார். நான் புத்தகத்தைப் புரட்டினேன். "கையெழுத்து இல்லை" என்றேன். அவர் கேட்டது அதை அல்ல. எல்லாக் கூட்டத்துக்கும் வந்தார்கள் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். அந்த மூச்சை நான் விடவில்லை. தமிழன் தமிழனுக்குச் சாய்ந்துவிட்டான் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பார்கள் என்ற பயம். நேர்மையானவன் என்று வெள்ளைக்காரர்களிடம் வாங்கி வைத்திருந்த பெயர் போய்விடும் என்ற பயம். நேர்மையானவன் என்ற பெயருக்காகப் பொய்க்குத் துணை போனவன் நான்.

நால்வரும் வாக்களிக்காமல் திரும்பினார்கள். தில்லை அண்ணன் மூன்று வாக்குகளில் தோற்றார்.

மேல்முறையீட்டுக்கு இரண்டு வாரம் அவகாசம் உண்டு. மறுநாள் காலையிலேயே கிளைத் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். தேர்தலுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது, கட்சி ஒன்றாக நிற்க வேண்டும், அடுத்த முறை தில்லைக்குத்தான் என்று ஆர்தரே வாக்குக் கொடுத்திருக்கிறார், நீ போய்ப் பேசினால்தான் கேட்பான் என்றார். நான் போனேன். தில்லை அண்ணனின் பிளாட்டில் மனு தயாராக இருந்தது. அவருடைய கையெழுத்து எப்போதும் வரைபடத்தில் எழுதியது போல் நேராக இருக்கும். கடைசியில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்.

"இதிலை நீர் ஒரு வரி எழுதோணும்" என்றார். "இந்த நாலு பேரும் வந்தவை, நான் கண்டனான் எண்டு. அவ்வளவுதான்."

நான் எழுதவில்லை. பேசினேன். ஒற்றுமை, எதிர்க்கட்சி, பத்திரிகைக்காரர்கள், அடுத்த முறை என்று ஒரு மணி நேரம் பேசினேன். "உங்க நல்லதுக்குத்தாண்ணே சொல்றேன்" என்றுகூடச் சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் என் நாக்கு கூசுகிறது. பரமேஸ்வரி அக்கா குசினி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று தேநீர் வரவில்லை.

தில்லை அண்ணன் கடைசியில் மனுவை மடித்தார். "என்ரை பிழையும் இருக்கு. என்ரை ஆக்களை நான்தானே குசினிக்குள்ள விட்டனான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல் சொன்னார்: "ஒண்டைக் கவனிச்சீரே? தோத்தவனிட்டைத்தான் ஒற்றுமையைக் கேக்கினம். வெண்டவனிட்டை ஒருத்தரும் கேக்கிறேல்லை."

அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து, ஆர்தரின் தேர்வை ஏகமனதான தேர்வாகப் பதிய வேண்டும் என்று பிரேரித்தார். தோற்றவர் அப்படிச் செய்வதுதான் அங்கே மரபு. வழிமொழிந்தது நான். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. குசினி பூட்டிக் கிடந்தது. பிஸ்கட் பொட்டலம் ஒன்றை யாரோ பிரித்து வைத்தார்கள். அந்த நால்வரும் அதற்குப் பிறகு அந்த மண்டபத்துப் படி ஏறவில்லை.

தேர்தல் நாளன்று தில்லை அண்ணன் பள்ளிக்கூட வாசலில் காலையிலிருந்து மழையில் நின்று, ஆர்தரின் படம் போட்டு, எப்படி வாக்களிப்பது என்று காட்டும் அட்டைகளைக் கொடுத்தார். உன் ஊருக்குத் திரும்பிப் போ என்று ஒரு கிழவர் அவர் முகத்துக்கு நேரே சொன்னார். வாக்குப்பதிவு முடிந்ததும் போகிறேன், அதுவரை இதைக் கொஞ்சம் பிடியுங்கள் என்று சொல்லி இவர் அட்டையை நீட்டினார். கிழவர் வாங்கிக்கொண்டு போனார். பக்கத்தில் நின்ற நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

ஆர்தர் வென்றார். செயலாளர் பதவியோடு தொகுதிக் குழுவிலும் எனக்கு இடம் கொடுத்தார்கள். நடைபாதை பாதி வீதிக்கு வந்து, ஆர்தருடைய மைத்துனரின் கடையோடு நின்றுபோனது. அடுத்த முறையும் வந்தது. ஆர்தரே மறுபடி நின்றார். தில்லையின் பெயரை நான் எடுத்தபோது, ஆறிய புண்ணை எதற்குக் கிளறுகிறாய், ஒற்றுமைதான் முக்கியம் என்றார் கிளைத் தலைவர். நான் தலையாட்டிவிட்டு அதையும் குறிப்பேட்டில் எழுதினேன். தில்லை அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரயில் நிலையத்தில் பார்த்தால், "எப்பிடி ஐசே, கட்சி சுகமே?" என்பார். அவர் கேலி செய்கிறாரா, உண்மையாகவே விசாரிக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. கிழித்துப் போட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த நிம்மதியை அவர் தரவில்லை.

தகனத்துக்கு ஆர்தர் கறுப்பு டை கட்டி வந்திருந்தார். பேசவும் செய்தார். தோல்வியைக் கண்ணியமாக ஏற்கத் தெரிந்த மனிதர், கட்சியின் ஒற்றுமைக்குச் சொந்த ஆசையைத் தியாகம் செய்தவர் என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். அவர் தோற்கவே இல்லை என்று எழுந்து சொல்ல வேண்டியவன் நான். இரண்டாவது வரிசையில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பிளாட்டுக்குப் போனேன். பரமேஸ்வரி அக்கா எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். மனுவைப் பற்றிப் பேசிய அந்த நாளுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. எதிர்க் கதிரையில் உட்கார்ந்தார்.

"தம்பி, அவர் கடைசிமட்டும் உங்களைக் குறையாச் சொல்லேல்லை" என்றார். "நான் சொல்லுறன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாங்கள் வந்தது உங்களுக்குத் தெரியும். எங்கடை கையாலை வாங்கிச் சாப்பிட்டனீங்கள்."

"ஆமாக்கா" என்றேன்.

செயலாளர் என்ற முறையில் பழைய வருகைப் புத்தகம் என் வீட்டில்தான் இருக்கிறது. அன்று மாலை எடுத்துப் புரட்டினேன். அந்த வருடத்துப் பக்கங்களில், கூட்டத்தின் முடிவில் செயலாளராக நான் போட்ட கையெழுத்தின் மேல் ஒவ்வொரு மாதமும் எண்ணெய்க் கறை. கட்லட் தின்ற கையாலேயே போட்ட கையெழுத்து. அவர்கள் வந்ததற்கு அத்தாட்சி புத்தகத்திலேயே இருந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை, அல்லது பார்க்க விரும்பவில்லை. இன்று கட்சிப் பொறுப்புகளிலிருந்து விலகும் கடிதத்தை எழுதி அனுப்பிவிட்டேன். புத்தகத்தை மட்டும் கொடுக்கப்போவதில்லை. கேட்டு வந்தால், வரட்டும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய பொறுமையை அல்ல. அது எனக்கு வராது, வந்தாலும் வேண்டாம். மனுவின் அடியில் அவர் எனக்காக விட்டிருந்த இடத்தை வைத்துக்கொள்கிறேன். அதில் எழுத வேண்டியதை, மிகவும் தாமதமாக, உங்கள் எல்லோர் முன்னிலையிலும் எழுதுகிறேன்:

பரமேஸ்வரி, புவனேஸ்வரி, மலர்விழி, நடேசன் ஆகிய நால்வரும் எல்லாக் கூட்டங்களுக்கும் வந்திருந்தார்கள். நான் கண்டேன்.