ஸுல்மாவின் இரண்டாவது பட்டியல்

மோன்டேவிடியோவில் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவர்கள் ஏராளம். அவர்களில் ஸுல்மா பென்டாங்கோர் அளவுக்கு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பக்கத்திலிருப்பவர்களின் காதைப் புண்ணாக்கியவர் வேறு யாரும் இருக்கமாட்டார். ஐம்பத்திரண்டு வயது, குள்ளமான உருவம், எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும் கண்ணாடி. துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஏழு பேர் கொண்ட ஓர் அலுவலகத்தில் அவருக்கு வேலை. காலையில் அவர் வந்து சுரைக்குடுவையில் மாத்தே என்ற கசப்பு இலைத் தூளைப் போட்டு, பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, முதல் குடுவையைத் தான் குடித்து முடித்து, அடுத்ததை ஊற்றிப் பக்கத்து ஆளிடம் நீட்டினால்தான் அங்கே நாள் தொடங்கும். ஏழு பேருக்கும் ஒரே குடுவை, ஒரே குழல்.

அந்தக் குடுவையை வைத்துத்தான் அவருடைய உபதேசமும் நடக்கும். பெரிய புரோகிராமை யாரும் ஒரே மூச்சில் எழுதுவதில்லை. வேலைக்கு ஒன்றாகப் பிரித்து எழுதி, ஒவ்வொரு பிரிவையும் கிளாஸ் என்பார்கள். இரண்டு கிளாஸுக்கு ஒரே சாமான் தேவைப்பட்டால், அதை ஒருமுறை உண்டாக்கி இரண்டுக்கும் அதையே கொடுக்கவேண்டும். அப்படிக் கொடுக்காமல் ஒவ்வொன்றும் தனக்கென்று உண்டாக்கிக்கொண்டால், பேர் ஒன்றாக இருக்கும், பார்க்கவும் ஒன்று போலவே இருக்கும், ஆனால் ஒன்றில் எழுதியது மற்றதில் தெரியாது. எவனாவது இந்தத் தப்பைச் செய்துவிட்டால் போதும், ஸுல்மா குடுவையைத் தூக்கிக் காட்டுவார்.

"மேசையில மாத்தே எத்தனை இருக்கு? ஒண்ணு. ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கிறோமா? கையில வாங்கிக் குடிச்சிட்டுத் திருப்பிக் கொடுக்கிறோம். லிஸ்ட்டும் அப்படித்தான். ஒரு தடவை உண்டாக்கு, வேணுங்கிறவங்க கையில அதையே கொடு. ஆளாளுக்கு ஒண்ணு உண்டாக்குனா அதுக்குப் பேரு லிஸ்ட் இல்லை, வதந்தி."

எதிர் மேசையில் வாஷிங்டன். இந்தப் பேரில் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. இவர் ஆற்றைத் தாண்டி புவெனஸ் ஐரிஸுக்குக்கூடப் போனதில்லை. ஸுல்மா குடுவையைத் தூக்கினாலே இவர் எழுந்து தொப்பியைக் கழற்றி, பூசைக்கு நிற்பவர் மாதிரி கைகட்டி நிற்பார். எல்லோரும் சிரிப்பார்கள். ஸுல்மாவும் சிரிப்பார். தான் சொல்வது சரி என்ற நிச்சயம் உள்ளவர்களுக்குக் கேலி உறைக்காது.

அவர் எழுதியதில் அவருக்கே பெருமையானது கண் மருத்துவமனையின் அறுவைப் பட்டியல். ஒன்பது வருடங்களுக்கு முன் எழுதியது. வரவேற்பு ஜன்னலில் பேரைப் பதிந்து எண் கொடுப்பார்கள், அறுவைக்கூடத்து ஜன்னலில் அந்தப் பட்டியலைப் பார்த்து வரிசையாக ஆட்களை அழைப்பார்கள். அதற்கு முன்பெல்லாம் தெரிந்தவர் இருந்தால் பேர் மேலே ஏறும், இல்லாதவர் பேர் கீழேயே கிடக்கும். ஸுல்மாவின் பட்டியல் வந்தபிறகு மந்திரியின் மாமியாரும் வரிசையில்தான் நின்றார். இதை அவர் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார், கேட்டவர்களும் நம்பினார்கள்.

எல்லோரையும்விட நம்பியவர் அவருடைய கணவர் ஏபெர். லா தேஹாவிலிருந்து நகரத்துக்கு ஓடும் பேருந்தை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். சென்ற வருடம் ஏப்ரலில் அவருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறியிருப்பதாக மருத்துவர் சொன்னார். வலி இல்லை, ஓரப்பார்வை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். ஆறு மாதத்துக்குள் அறுவை செய்துவிட்டால் இருக்கிற பார்வை தங்கும், அதுவரை சொட்டு மருந்து போதும் என்றார். வியாழக்கிழமை போய்ப் பேரைப் பதிந்துவிட்டு வா என்று ஸுல்மா சொல்லியனுப்பினார். வியாழனன்று மருத்துவர்கள் எல்லாம் அறுவைக்கூடத்தில் இருப்பார்கள், வரவேற்பில் கூட்டம் இருக்காது. புரோகிராம் எழுதியவருக்கு இதெல்லாம் தெரியும். ஏபெர் போய், நிபியா என்ற பெண்ணிடம் பேர் கொடுத்து, 412 என்று முத்திரை குத்திய சீட்டோடு வந்தார்.

ஆறு மாதம் போயிற்று. யாரும் அழைக்கவில்லை. பேருந்தின் வலது பக்கம் ஏறும் ஆட்கள் அவருக்குத் தெரியாமல் போனார்கள். ஒருநாள் சைக்கிள்காரர் ஒருவர்மேல் நூலிழையில் மோதாமல் தப்பி, தானே போய்ச் சாவியை ஒப்படைத்தார். அன்று வீட்டுக்கு வந்ததும், மருத்துவமனைக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமா என்று மெதுவாகத்தான் கேட்டார். ஸுல்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஜன்னல்ல போய் நின்னு என் மானத்தை வாங்காதே, கிழவா. பொண்டாட்டி எழுதுன லிஸ்ட், அதனால முன்னாடி வந்துட்டான்னு பேசுவாங்க. அதுல ஏறுன பேரு அழியாது. உன் முறை வரும், உட்காரு."

அவர் உட்கார்ந்தார். இன்னும் எட்டு மாதம் உட்கார்ந்தார். சொட்டு மருந்து வாங்கப் போகும் இடத்தில், இவ்வளவு நாளாகிறதே என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு அவர் ஆறுதல் வேறு சொல்வாராம். லிஸ்ட் என் வீட்டுக்காரி எழுதினது, அதில் தில்லுமுல்லு கிடையாது, பொறுமையாக இருங்கள் என்பாராம். இதை அங்கிருந்த செவிலி பின்னால் ஸுல்மாவிடம் சொன்னபோது, நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

இந்த வருடம் ஜூனில் ஒரு காலை, ஏபெர் வெந்நீரைக் குடுவைக்குப் பக்கத்தில் மேசை விரிப்பின்மேல் ஊற்றினார். ஊற்றிவிட்டு, குடுவை நிறைந்துவிட்டதென்று குழலை வாயில் வைத்தார். ஸுல்மா அன்றைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்.

நிபியா பேரைத் தட்டிப் பார்த்தாள். இல்லை. இன்னொரு விதமாகத் தட்டினாள். அப்போதும் இல்லை. 412ஆம் எண்ணைத் தேடினாள். அதில் யாரோ ஓர் அம்மாளின் பேர் இருந்தது. ஏபெர் பதிந்ததற்கு மறுநாள், வெள்ளிக்கிழமை பதிந்தது. அந்த அம்மாளுக்கு அறுவை முடிந்து ஏழு மாதமாகியிருந்தது.

"சீட்டுல இருக்கறது என் கையெழுத்துதான் மேடம். நான்தான் பதிஞ்சேன். எங்க போச்சுன்னு எனக்குத் தெரியலை" என்றாள் நிபியா. அழுதுவிடுவாள் போலிருந்தது.

எங்கே போயிற்று என்று ஸுல்மாவுக்கு வீடு திரும்பும் பேருந்தில் புரிந்துவிட்டது. வியாழனன்று கொடுத்த எண்ணையே வெள்ளியன்று இன்னொருவருக்குக் கொடுக்கவேண்டுமென்றால், மறுநாள் காலை பட்டியல் ஒரு நாள் பின்னால் போயிருக்கவேண்டும். அப்படியானால் பட்டியல் ஒன்றல்ல, இரண்டு. ஏபெரை வீட்டில் விட்டுவிட்டு நேரே அலுவலகம் போய், ஒன்பது வருடமாக யாரும் தொடாத அந்தப் பக்கத்தைத் திறந்தார்.

அறுவைக்கூடத்து ஜன்னலுக்கான கிளாஸில், வரவேற்பிலிருந்து பட்டியலை வாங்கிக்கொள்ளவேண்டிய இடத்தில், "நியூ" என்ற ஒரே சொல் இருந்தது. புதிதாக ஒன்றை உண்டாக்கு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சொல். பக்கத்தில் "சோதனைக்காக மட்டும், நாளை எடுத்துவிடவும்" என்ற குறிப்பும், எழுதியவரின் முதலெழுத்துக்களும் இருந்தன. அவருடைய எழுத்துக்கள்தான். வரவேற்பின் பகுதி அப்போது எழுதி முடிந்திருக்கவில்லை. ஜன்னல் திறக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு வெற்றுப் பட்டியலை உண்டாக்கி வைத்தவர், அப்புறம் மறந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

காலையில் இரண்டு ஜன்னல்களும் ஒரே கோப்பிலிருந்து நிரம்பும், அதனால் எவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மாலையில் ஜன்னலை மூடும்போது ஒவ்வொன்றும் தன் பட்டியலை அந்தக் கோப்பின்மேல் எழுதிவிட்டுப் போகும். கடைசியாக மூடியது எதுவோ அதுவே நிலைக்கும். மற்ற நாட்களில் வரவேற்புதான் கடைசியாக மூடும், அதனால் பேர்கள் தப்பின. அறுவைகள் இழுத்துக்கொண்டே போன வியாழக்கிழமைகளில் மட்டும் அறுவைக்கூடம் கடைசியாக மூடியது. அன்றைக்குப் பதிந்தவர்கள் எல்லோரும் ஒரு சத்தமும் இல்லாமல் அழிந்துபோனார்கள்.

வாஷிங்டன் பின்னால் வந்து நின்று படித்தார். தொப்பியைக் கழற்றவில்லை. கேலி செய்யும் ஆசை இருந்தாலும் அன்றைக்கு அவரால் முடிந்திருக்காது.

"எத்தனை பேர் இருப்பாங்க?" என்று ஸுல்மா கேட்டார்.

"எங்கயும் இல்லாத பேரை எப்படி எண்ணுறது, தாயே? வரியை மாத்து. வேற என்ன செய்ய முடியும்?"

வரியை மாற்ற ஒரு நிமிடம் ஆகவில்லை. மாற்றியபிறகு அது சரியாக வேலை செய்தது, அதுதான் ஸுல்மாவுக்குத் தாங்கவில்லை. முதலாளி இதைச் சிறு திருத்தம் என்று அறிக்கையில் எழுதச் சொன்னார். ஸுல்மா நடந்ததை நடந்தபடி எழுதி மருத்துவமனைக்கே அனுப்பினார். அவர்கள் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்: சீட்டு வைத்திருந்தும் அழைக்கப்படாதவர்கள் வரவும். ஒரு மாதத்தில் மூன்று பேர் வந்தார்கள். ஒன்பது வருடத்துச் சீட்டை யார் வைத்திருப்பார்கள்? கண் போனவர்கள் வாசலில் ஒட்டிய காகிதத்தை எப்படிப் படிப்பார்கள்? இதை ஒட்டும்போது ஒருவருக்காவது தோன்றியிருக்கவேண்டாமா என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும்.

ஏபெரை உடனே பரிசோதித்தார்கள். வலது கண் நரம்பு முழுவதும் பட்டுவிட்டது, இடது கண்ணில் சாவித்துவாரம் அளவுக்குத்தான் மிச்சம், அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்லமுடியாது என்றார் மருத்துவர். போனது திரும்பாது. இதைக் கேட்டுக்கொண்ட ஏபெர், வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களிடம், லிஸ்ட்டில் ஏதோ கோளாறாம், என் வீட்டுக்காரிதான் கண்டுபிடித்தாள் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். ஸுல்மா அவர் கையைப் பிடித்தபடி கூடவே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறை மேசையில் உட்கார்ந்து ஸுல்மா அவரிடம் சொன்னார். குடுவை வழக்கம்போல இருவருக்கும் நடுவில் போய் வந்துகொண்டிருந்தது. இருபத்தாறு வருடமாக அந்த வீட்டில் அப்படித்தான், பிளாஸ்கில் கடைசிச் சொட்டு இருக்கும்வரை. மாத்தே குடிக்கும்போது இங்கே யாரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால், எனக்குப் போதும், இனி எனக்கு ஊற்றாதே என்று அர்த்தம். ஏபெர் ஒருநாளும் சொன்னதில்லை. தண்ணீர் தீர்ந்தால்தான் அவருக்கு மாத்தே தீரும்.

"அந்தக் கோளாறைக் கண்டுபிடிச்சது மட்டும் இல்லை ஏபெர். அதைச் செஞ்சதும் நான்தான்" என்று ஆரம்பித்து, அந்த ஒரு சொல்லையும், வியாழக்கிழமையையும், ஜன்னலுக்குப் போகாதே என்று தடுத்ததையும் ஒன்று விடாமல் சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை.

 ஏபெர் முகத்தைச் சற்றே திருப்பி, இடது கண்ணின் அந்தத் துளி வெளிச்சத்துக்குள் ஸுல்மாவைக் கொண்டுவரப் பார்த்தார்.

"பேரு பதியப் போன அன்னிக்கு வரிசையில எனக்குப் பின்னாடி ஒருத்தர் நின்னாரு. தக்குவாரெம்போவிலிருந்து ராத்திரி பஸ் பிடிச்சு வந்தவரு. ஜன்னல் திறக்கிற வரைக்கும் பேசிக்கிட்டு இருந்தோம். பேத்தி முகத்தைச் சரியாப் பார்க்கணும்னு சொன்னாரு. நான்தான் கவலைப்படாதீங்க, இந்த லிஸ்ட்டுல பேரு ஏறிட்டா போதும்னு சொன்னேன். அவரு பேரும் போச்சா?"

"போச்சு."

"அவரு பேரு என்னன்னு நான் கேட்டுக்கலையே, கிழவி."

குடுவையில் மிச்சமிருந்ததைக் குழல் சத்தம் வரும்வரை உறிஞ்சி முடித்தார். மேசையின் விளிம்பைத் தடவி, ஸுல்மாவின் கை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, குடுவையை அதில் வைத்தார்.

"நன்றி" என்றார்.

எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனார். ஸுல்மா குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிளாஸ்கில் முக்கால்வாசித் தண்ணீர் சூடாக இருந்தது.