ஐஸ்லாந்தைச் சுற்றிய எட்டு நாளும் ஒரு ‘வரேங்க’வும்

முதல் நாள், மாலை ஆறு மணி. ரெய்க்யவிக் துறைமுகத்தில் எங்கள் கப்பலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டே மிதந்து வரும் என்று நான் நினைத்திருந்தேன். இதுவோ பாலக்கோட்டுச் சர்க்கரை ஆலையின் ஒரு கொட்டகை அளவுகூட இல்லை. பயணிகள் நாற்பது பேர், ஊழியர்கள் பதினெட்டுப் பேர். இதில்தான் எட்டு நாளில் அந்தத் தீவை முழுக்கச் சுற்றிவரப் போகிறோம். கட்டணம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். கட்டியவர் சிக்ரூன் அம்மாள். அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவருக்கு வயது எழுபத்து நான்கு. இந்தத் தீவின் வடமேற்கு மூலையில் ஹெஸ்டேரி என்ற ஊரில் பிறந்து, ஒரு மாலுமியைக் கட்டிக்கொண்டு ஸ்காட்லாந்துக்கு வந்தவர். அவருடைய முழங்கால்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நான். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் தக்காளி விளையும் ஒரு கிராமத்துக்காரி, அயல்நாடு வந்து மூன்று வருடம் ஆகிறது. பிறந்த வீட்டை ஒருமுறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அந்த ஊரில் இப்போது குடியிருப்பவர் ஒருவரும் இல்லை. பிழைக்க வழியில்லாமல் எல்லாரும் ஒன்றாகக் காலி செய்துவிட்டார்களாம். கோயிலைக்கூடக் கழற்றிக் கொண்டுபோய் வேறு ஊரில் நிறுத்திவிட்டார்களாம். ஒரு தேவாலயத்தை வாழைத்தார் போல ஏற்றிக்கொண்டு போக முடியுமா என்று எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

இரண்டாம் நாள், காலை பத்து மணி. லாத்ரபியார்க் பாறைச் சுவர். பதினான்கு கிலோமீட்டர் நீளம், உயரமான இடத்தில் நானூற்று நாற்பது மீட்டர். பாறையே தெரியாத அளவுக்குப் பறவைகள். நாற்றமும் அதற்கேற்றபடி. மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்னா நாத்தம்டா சாமி” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“சிஸ்டர், நீங்க எந்தூருங்க?”

கையில் கயிற்றுச் சுருளோடு ஒரு மாலுமி. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது எனக்கு. ஊரைச் சொன்னேன்.

“அட, நம்ம பக்கம்! நான் பாப்பாரப்பட்டிங்க. மாதையன். ஒகேனக்கல்லுல பரிசல் ஓட்டிகிட்டிருந்தேன். மெட்ராஸ் ஏஜெண்டு ஒருத்தரு இங்க கொண்டாந்து விட்டுட்டாரு.”

பத்து நிமிடத்தில் சிஸ்டராக இருந்த நான் அக்காவாகிவிட்டேன். அவர் வந்து மூன்றரை வருடம். புறப்பட்டபோது மகள் தவழக்கூட இல்லை. இந்தச் சுற்று முடிந்து ரெய்க்யவிக் திரும்பியதும் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதம் கொடுத்திருக்கிறார்கள்.

“போடப் போறீங்களா?”

“தெரியலீங்கக்கா. லட்சுமி எப்ப வர்றீங்கன்னு லெட்டர் போட்டுகிட்டே இருக்குது. நானும் வரேன் வரேன்னு எழுதிகிட்டே இருக்கறன்.”

மூன்றாம் நாள். விடியற்காலை ஏதோ ஒரு முனையைச் சுற்றும்போது கப்பல் ஆடிய ஆட்டத்தில் நர்ஸுக்கே நர்ஸ் தேவைப்பட்டது. பகல் ஒரு மணிக்கு ஹெஸ்டேரிக்கு எதிரே நங்கூரம் போட்டபோது நான் வாளியை அணைத்துக்கொண்டு கிடந்தேன். சிக்ரூன் அம்மாள் தொப்பி வைத்துக்கொண்டு, “நீ படுத்துக்கொள், உன் ஊர்க்காரன் என்னைக் கூட்டிப்போவான்” என்று கிளம்பிவிட்டார்.

எட்டிப் பார்த்தேன். ரப்பர் படகின் விளிம்பில்தான் மற்றவர்கள் உட்கார்வார்கள். மாதையன் அவரைப் படகின் நடுவில், தரையில், கம்பளி மடித்துப் போட்டு உட்கார வைத்தார். பரிசலில் பயந்தவர்களை உட்கார வைப்பது இப்படித்தான். அந்த அம்மாள் காலை நீட்டிக்கொண்டு மகாராணி மாதிரி போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாலை நான்கு மணிக்குக் கடைசிப் படகு திரும்பியது. ஓட்டி வந்தவர் நார்வேக்காரர் ஒருவர். எல்லாரும் ஏறினார்கள். சிக்ரூன் அம்மாளைக் காணோம்.

“வர மாட்டேன் என்றார். அந்த இந்தியன் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், அவனோடுதான் வருவேன் என்கிறார். உங்கள் ஆள் பின்னாலேயே வருகிறான் என்று நினைத்தேன்” என்றார் நார்வேக்காரர்.

மாதையன் கீழே கயிறு காயப்போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் விழித்தார்.

“நான் எப்பக்கா சொன்னன்? எறக்கி விட்டன், கும்பிட்டன், வந்துட்டன்.” சட்டென்று நிறுத்தினார். “ஐயய்யோ. கெளம்பறப்ப வரேங்கன்னு சொல்லிட்டுத்தான வரணும்? அத இங்கிலீசுல சொன்னன். ஐ கமிங் மேடம்னு. வேற என்னத்தச் சொல்றதுங்க? வயசானவங்ககிட்ட போறேன்னா சொல்றது?”

சிரித்தேன். அடுத்த நொடியே திரும்பிக் கரையைப் பார்த்தேன். மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி ஊரை மூடிக்கொண்டிருந்தது. ஆளில்லாத ஊர், முழங்கால் மடங்காத கிழவி, பொறுப்பு என்னுடையது. கேப்டன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “உடனே போ” என்றார். நானும் படகில் ஏறி நடுவில் தரையில் உட்கார்ந்தேன்.

கரைக்கு வழக்கமாகப் பத்து நிமிடம். அன்று அரைமணி நேரம் ஆனது. கையை நீட்டினால் கை தெரியவில்லை. மாதையன் இன்ஜினை நிறுத்தி, வாயருகே கையைக் குவித்து “ஓ...ஓய்!” என்றார். அருவி இரைச்சலை மீறிக் கூப்பிட்டுப் பழகிய குரல். ஒன்றுமில்லை. மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் முறை, இடது பக்கத்திலிருந்து மெல்லியதாக ஒரு “ஓய்” வந்தது.

தகரம் போர்த்திய ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாக இருந்தது. முகம் மட்டும் தெளிவாக இருந்தது. “ஜன்னல் வழியாக என் அடுப்பங்கரையைப் பார்த்துவிட்டேன்” என்றார். பிறகு மாதையனைப் பார்த்து, “தாமதமானாலும் வருவாய் என்று தெரியும்” என்றார்.

உண்மையைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. எங்கள் ஊரில் விடைபெறுகிறவர் போகிறேன் என்று சொல்ல மாட்டார், அது அபசகுனம், திரும்பி வராதவர்கூட வருகிறேன் என்றுதான் சொல்வார் என்று படகில் திரும்பும்போது விளக்கினேன். ரசித்துக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அப்படியானால், நிஜமாகவே வரப்போகிறவன் என்ன சொல்வான்?”

அந்தக் கேள்வியைத் தமிழில் மாதையனிடம் சொன்னேன். அவர் பனிமூட்டத்தைப் பார்த்தபடியே படகை ஓட்டினார். கப்பலை அடைந்ததும் அந்த அம்மாளைத் தூக்கி ஏற்றிவிட்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

ஐந்தாம் நாள் கிரிம்சே என்ற குட்டித் தீவில் இறங்கினோம். பெரிய தீவிலிருந்து நாற்பது கிலோமீட்டர் வடக்கே. ஆர்க்டிக் வட்டம் அதன் வழியே போகிறது. ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். குளிர் இரண்டு பக்கமும் ஒன்றுதான். மாதையன் தூரமாகவே இருந்தார். கோபமா என்று கேட்டேன்.

“உங்க மேல என்னாத்துக்குங்க கோவம்? அந்தம்மா ரெண்டரை மணி நேரம் வாசப்படியில உக்காந்திருந்தாங்க. எங்க வூட்டு வாசப்படியில ஒருத்தி மூணரை வருசமா உக்காந்திருக்கறா. நான் சொன்னதும் அதே வார்த்தைதானுங்களே.”

அன்றிரவு எனக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. ஆத்தாவுக்கு நான் எழுதிய கடிதங்களில் எத்தனை ‘வரேன்’ என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஆறு, ஏழாம் நாட்களில் கிழக்குக் கரையின் குடாக்கள், பிறகு தெற்கே துறைமுகமே இல்லாத நீண்ட கறுப்பு மணல். அருமையான காட்சிகள்தான். என் கண் கயிறு சுற்றும் அந்த மனிதர் மேலேயே இருந்தது. ஒப்பந்தக் காகிதம் அவர் சட்டைப்பையில் நான்காக மடித்தபடி இருந்தது.

எட்டாம் நாள், காலை ஒன்பது மணி, ரெய்க்யவிக். ஊழியர்கள் ஒவ்வொருவராகக் கேப்டன் அறைக்குப் போய் வந்தார்கள். மாதையனும் போனார், சீக்கிரமே திரும்பினார். நான் சிக்ரூன் அம்மாளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு கரைக்கு வரும்போது இறங்குபலகையின் அடியில் நின்றார். அந்த அம்மாளைக் கும்பிட்டார். என் பக்கம் திரும்பி, பழக்கத்தில் “வரேங்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

“போறேங்கக்கா” என்றார். “ஊருக்குப் போறேன்.”

எங்கள் பக்கம் வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னால் வாயிலேயே அடி விழும். அன்று அதைக் கேட்டு எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

“நல்லாப் போங்க, மாதையன்” என்றேன்.